பெயில் ஆனது பிள்ளையா, பள்ளிக்கூடமா?

பத்து வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்க வேண்டுமாம். தேறாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் இன்னொரு பரீட்சையாம். அதிலும் தேறாவிட்டால், கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேல்வகுப்புக்குப் போக, அந்தப் பிள்ளை மட்டும் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டுமாம். எட்டாம் வகுப்பில், பதின்மூன்று வயதில், மறுபடியும் இதே சடங்கு. கல்வியின் தரத்தை உயர்த்துவதற்காகவே இந்த ஏற்பாடு என்று மத்திய சர்க்கார் கூறுகிறது.

நாம் இதைத் தண்டனை என்கிறோம். குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, குற்றத்தால் அடிபட்டவருக்கு விதிக்கும் தண்டனை என்கிறோம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு முடித்துத் திரும்பும் தோழர்களும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் சகோதரிகளும், குறிஞ்சிப்பாடி வயலில் நாற்று நடும் தாய்மார்களும், கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலையில் நிற்கும் தோழர்களும் இது படித்தவர்கள் பேசிக்கொள்ளும் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்தத் தண்டனை விழப்போவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையில்தான்.

சட்டம் வந்த கதை

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அதன் 16ஆவது ஷரத்து, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது என்று கூறியது. புதிதாக ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல இது. ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளை நிறுத்தி வைக்காத முறை நீடிக்க வேண்டும் என்று 1986ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையே கூறியிருந்தது.

2019 ஜனவரியில் பாரதிய ஜனதா சர்க்கார் அந்த ஷரத்தைத் திருத்தியது. ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைக்க வேண்டும், தேறாதவரை நிறுத்துவதை அந்தந்த சர்க்கார் விரும்பியபடி செய்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் மாணவர் ஸ்தாபனங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2020 பிப்ரவரி 4 அன்று அந்த உத்தரவு ரத்தாயிற்று. மக்கள் வாய் திறந்தால் சர்க்கார் காது திறக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2024 டிசம்பர் 16 அன்று மத்திய சர்க்கார் விதிகளை வெளியிட்டு, கேந்திரிய வித்யாலயா, சைனிக் பள்ளி முதலான தன் பள்ளிகளில் பெயில் முறையைக் கொண்டுவந்தது. அதற்குள்ளாகவே 16 மாநிலங்களும் 2 யூனியன் பிரதேசங்களும் அந்த வழியில் போய்விட்டிருந்தன. தமிழ்நாட்டு சர்க்கார் அந்த மாதமே, இங்கே அது வராது என்று அறிவித்தது. 2025 ஆகஸ்டு 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதே நிலையில் நின்றது.

அப்படியானால் நமக்கு என்ன கவலை என்று உறங்கிவிடலாமா? கூடாது! சட்டத்தின் கதவு திறந்தே கிடக்கிறது. 2019இல் ஒரு காகிதம் போதுமாயிருந்தது போல், நாளை வேறொரு சர்க்காருக்கும் ஒரு காகிதம் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பெயில் போட்டால் நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

நம் வீட்டில் ஒலிக்கும் வாதம்

டீக்கடையில் கேட்கிறோம், சங்கக் கூட்டம் கலைந்த பிறகு கேட்கிறோம். "ஆல் பாஸ் போட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். எட்டாவது வந்தும் என் மகனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. ஒரு வருஷம் உட்கார வைத்தால் புத்தி வரும்." இப்படிச் சொல்கிறவர் முதலாளியின் ஆள் அல்ல. நம் தோழர்தான். தான் படிக்காத குறையை மகன் தீர்ப்பான் என்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அனுப்பியவர்தான். அவர் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம்தான் தவறு.

கணக்குப் பார்ப்போம். ஆரம்பப் பள்ளி வருஷத்துக்கு 200 நாள் நடக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வருஷத்தில் 1,000 நாள் அந்தப் பிள்ளை பள்ளியின் கையில் இருக்கிறது. 1,000 நாளில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்றால், 1,001ஆவது நாள் யாரைக் கூண்டில் நிறுத்த வேண்டும்? பிள்ளையையா?

உபாத்தியாயர்களை நாம் குறை கூறவில்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர் போதும் என்கிறது அதே அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, இடையே சர்க்கார் கேட்கும் புள்ளிவிவரங்களையும் எழுதிக்கொண்டு, அவர் எந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவார்? இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் டெல்லியில் பாஸ். அதில் சிக்கிய பிள்ளை கிராமத்தில் பெயில்.

சரி, இன்னொரு வருஷம் உட்கார வைத்தாயிற்று. என்ன மாறுகிறது? அதே அறை, அதே புத்தகம், அதே ஒற்றை வாத்தியார், அதே காலிவயிறு. ஒரு தடவை ஏறாத பாடம், அதே விதமாக மறு தடவை சொன்னால் ஏறிவிடுமா? உலக நாடுகள் பலவற்றில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சிறிது மதிப்பெண் கூடினாலும் சில வருஷங்களில் அது கரைந்துபோகிறது, பள்ளியை விட்டு நிற்கிறவர் தொகைதான் கூடுகிறது என்பதையே பெரும்பாலான ஆராய்ச்சிகள் கண்டன.

இயந்திரத்தின் பல்லும் பூமியின் குற்றமும்

நெய்வேலித் தொழிலாளிக்கு இதை வேறொருவர் வந்து விளக்க வேண்டியதில்லை. அவர் சுரங்கமே சாட்சி. 1957 மே 20 அன்று நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். நாலு வருஷத்துக்கு மேல் மேல்மண்ணையே வெட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்கள் கடலூர் மணற்பாறையில் தேய்ந்து தேய்ந்து போயின. கரிப்படுகைக்கு அடியிலிருந்து ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டியது.

அப்போது என்ன செய்தார்கள்? இந்தப் பூமி மக்கு, இது பெயில் என்று எழுதிவிட்டு எழுந்து போனார்களா? இல்லை. இயந்திரத்தின் பல்லை மாற்றினார்கள். கெட்டிப் பாறையை வெடி வைத்துத் தளர்த்தினார்கள். இராப்பகல் பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். அடியிலே செல்வம் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது. அதனால் கருவியைத் திருத்தினார்கள்.

கரிக்குக் கிடைத்த இந்த மரியாதை தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்காதா? அந்தப் பிள்ளைக்குள்ளும் செல்வம் இருக்கிறது என்று நம்பினால், பல் தேயும்போது பல்லைத்தானே மாற்ற வேண்டும்?

பத்து வயதில் விழும் சூடு

ஒரு வருஷம் போனால் போகட்டும், வயதா ஆகிவிட்டது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். போவது வருஷம் மட்டும்தானா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. போன வருஷம் தோளில் கை போட்டு வந்த சிநேகிதன் மேல்வகுப்பு வரிசையில் நிற்கிறான். இவன் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு நிற்கிறான். சில வீடுகளில் தங்கையே வந்து பக்கத்து பெஞ்சில் உட்காருகிறாள். தெருவிலே பெயர் மாறிவிடுகிறது. பெற்றவர் வைத்த பெயர் போய் 'பெயிலானவன்' என்பதே பெயராகிறது. உறவுக்காரர் வந்தால் அந்தப் பிள்ளை கொல்லைப்பக்கம் போய் நிற்கிறது. வகுப்பில் கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. தனக்குப் படிப்பு வராது என்று அதுவே நம்பத் தொடங்குகிறது. அப்படி நம்பிய பிறகு எந்த வாத்தியார் வந்தாலும் வேலை இரட்டிப்பு.

பெண் குழந்தையானால் இன்னும் மோசம். பெயிலான பையனுக்காவது ஒரு வருஷம் பார்க்கலாம் என்பார்கள். பெயிலான பெண்ணை முந்திரிக்கொட்டை உடைக்க அனுப்புகிறார்கள். கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்த கையைப் பார்த்தால், எந்த வகுப்பில் நின்றாள் என்று கேட்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டார்கள்: உங்களுக்கு நேரக்கூடியவற்றில் எது மிகக் கொடியது? 1980களில் நடந்த ஆய்வில், தாய் தகப்பனை இழப்பது, கண்பார்வை போவது ஆகியவற்றை ஒட்டியே வகுப்பில் நிறுத்தப்படுவதையும் பிள்ளைகள் வைத்தனர். 2005இல் வெளியான ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தனர். பெரியவர்களுக்கு ஒரு வருஷம். பிள்ளைக்கு அது உலகமே இடிந்து விழுவது.

இதை சர்க்காரும் அறியும். மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது எதற்காக? பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மனம் உடைந்த மாணவர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்ல ஆட்களை உட்கார வைப்பது எதற்காக? பதினைந்து, பதினேழு வயதினரே தாங்க முடியாத அடி என்று தெரிந்துதானே? அதையே பத்து வயதுக்குக் கொண்டுபோ என்கிறார்கள்!

வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தக் கேட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1929இல் ஹார்டாக் கமிட்டி, பிள்ளை ஒரே வகுப்பில் நின்றுவிடுவதைத் 'தேக்கம்' என்றும், படிப்பை முடிக்காமல் பள்ளியை விட்டுப் போவதை 'விரயம்' என்றும் குறித்தது. தேங்கிய பிள்ளை நாளடைவில் விரயமாகிறது. நூறு வருஷம் ஆகப்போகிறது. நம் ஆட்சியாளர்கள் இன்னும் தேக்கத்தையே மருந்து என்று விற்கிறார்கள்.

யார் வீட்டுப் பிள்ளை பெயில் ஆகிறது?

நெய்வேலியைச் சுற்றிப் பாருங்கள். டவுன்ஷிப்புக்குள் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், நிழல் தரும் சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இந்த வசதிகளை நிரந்தரத் தொழிலாளிகள் சங்கம் கட்டி, போராடிப் பாதுகாத்தார்கள். நமக்கு அதில் பெருமையே. ஆனால் எல்லைக்கு வெளியே, அதே சுரங்கத்தில் அதே புழுதியைச் சுவாசிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியின் குடும்பம் எங்கே இருக்கிறது? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊர் மாறியவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது மண்வெட்டும் இயந்திரங்கள் ஏறியதே, அந்த வயலின் கூலியை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம் என்ன பாடம் படித்திருக்கும்?

முந்திரி விளையும் காலமும் வருஷப் பரீட்சைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தாய் காட்டுக்குப் போனால் கைக்குழந்தையை மூத்த மகள் பார்க்க வேண்டும். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறார்கள். திரும்பி வரும்போது பாடம் பாதி போய்விட்டது. ட்யூஷன் வைக்கக் காசுள்ள வீட்டுப் பிள்ளை அதே பாதியை மாலையில் சரிக்கட்டிக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு மாலையில் தண்ணீர்க் குடம் காத்திருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பணக்கார நாடுகளில் 2012இல் நடந்த பீசா சர்வதேசப் பரீட்சையின்போது, 15 வயது மாணவரில் 100க்கு 12 பேர் ஒரு வகுப்பையாவது திரும்பப் படித்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. ஒரே அளவு திறமை காட்டிய பிள்ளைகளுக்குள்ளும் ஏழைப் பிள்ளையே அதிகம் நிறுத்தப்பட்டிருந்தது. ஆக, பரீட்சைத் தாளை மட்டும் பார்த்துப் பெயில் போடுவதில்லை. தகப்பன் சட்டையையும் பார்த்தே போடுகிறார்கள்.

பதினைந்து வயதுக்குக் கீழே அபராதம் இல்லை

பஞ்சாலைத் தோழர்களுக்கு அபராதம் என்றால் என்ன என்று தெரியும். மட்டமான பஞ்சைப் போட்டு, இயந்திரத்தை வேகமாக ஓட்டி, நூல் அறுந்தால் தொழிலாளியின் கூலியில் பிடிப்பது முதலாளிகளின் பழைய வழக்கம். தொழிலாளிகள் குமுறினார்கள். 1936ஆம் வருஷத்தில் வந்த கூலி வழங்கு சட்டம் அபராதத்துக்கு வரம்பு கட்டியது. அதன் 8ஆவது ஷரத்தில் ஒரு வரி இருந்தது: பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட தொழிலாளிக்கு அபராதமே போடக் கூடாது!

வெள்ளைக்கார ஆட்சியில் வந்த சட்டம் அது. குழந்தைகளை ஆலையில் வேலை வாங்கிய காலத்துச் சட்டம். அதற்கே தோன்றியது, குழந்தைக்கு அபராதம் போடுவது அநியாயம் என்று. இன்றைய சுதந்திர சர்க்கார் பத்து வயதுப் பிள்ளைக்கு அபராதம் விதிக்கிறது. சில பைசா அல்ல. அதன் வாழ்நாளில் ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொள்கிறது. பஞ்சும் மட்டம், இயந்திரமும் கோளாறு. அபராதம் மட்டும் பிள்ளைக்கு!

பழைய சரக்கு

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளை தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். நம் கட்சியும், திராவிட இயக்கத்தாரும், எத்தனையோ தரப்பினரும் எதிர்த்தனர். ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை 1954 மே மாதம் திட்டத்தைக் கைவிட்டது.

இன்று யாரும் அந்தப் பெயரில் வரமாட்டார்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று அனுமதித்தார்கள். 2019இல் அந்தப் பிள்ளையைப் பெயில் போடவும் அனுமதித்தார்கள். மாலை முழுதும் வேலை செய்த பிள்ளை பரீட்சையில் தேறவில்லை. பெயிலான பிள்ளை வெட்கப்பட்டு முழுநேரமும் வேலைக்கே போய்விடுகிறது. யாரும் விரட்டவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது என்று கணக்கு எழுதிவிடலாம். ராஜாஜி நேரத்தைப் பாதியாக்கினார். இவர்கள் நெஞ்சைப் பாதியாக்குகிறார்கள். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இதனால் யாருக்கு இலாபம்? தனக்கு எதுவும் வராது என்று பத்து வயதில் நம்பிவிட்டவன், இருபது வயதில் கான்ட்ராக்டர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். எதிர்த்துப் பேசமாட்டான். கூலிச்சீட்டைப் படித்துக் கேள்வி கேட்கமாட்டான். குனிந்த தலை மலிவான தலை என்பதை முதலாளிகள் நன்கு அறிவார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் மறைவாசல்

சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதனால் தமிழ்நாட்டிலும் ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டும் வேலை நடக்கிறது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட ஆசைப்படும் பள்ளிகள், சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்துவதும், டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வதும் ஊரறிந்த விஷயம். அந்த நூற்றுக்கு நூறில் விழுந்தவர்களின் கணக்கு இல்லை. சுரங்கத்தில் விபத்துக்குள்ளானவன் பெயரை மஸ்டர் ரோலிலிருந்து அடித்துவிட்டு, விபத்தே இல்லை என்று அறிக்கை விடுவது போன்றது இது.

பத்தாவது சர்டிபிகேட் இல்லாதவனுக்கு எத்தனை வாசல்கள் அடைபடும் என்பது நெய்வேலிப் பெற்றோருக்குத் தெரியும். ஒன்பதில் நின்றவன் பத்தை எட்டிப்பார்ப்பதே இல்லை.

நாம் கேட்பது என்ன?

பாடம் தெரியாத பிள்ளையைத் தள்ளித் தள்ளி மேலே அனுப்பிவிடு என்று நாம் கேட்கவில்லை. கற்பிக்காமல் பாஸ் போடுவதும் மோசடிதான். அது மோசடி என்பதற்காகக் கற்பிக்காமல் பெயில் போடுவது நியாயமாகிவிடாது. கற்பி என்பதே நம் கோரிக்கை.

வகுப்புக்கு ஓர் உபாத்தியாயர் வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்குப் பரீட்சை முடிந்த பிறகல்ல, பின்தங்கிய அந்த வாரத்திலேயே தனிப் பயிற்சி வேண்டும். அறுவடைக்கும் சூளைக்கும் ஊர்விட்டுப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குப் போன இடத்தில் பள்ளி, திரும்பிய இடத்தில் விட்டுப்போன பாடம் வேண்டும். நெய்வேலியில் கான்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளைக்கும் நிலம் இழந்தவர் பிள்ளைக்கும், நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளைக்கு இருக்கும் பள்ளி வசதி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர், டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பள்ளியும் வெளியிட வேண்டும். 2019ஆம் வருஷத் திருத்தத்தை ரத்து செய்து 16ஆவது ஷரத்தைப் பழையபடி நிலைநாட்ட வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். மத்திய சர்க்காரின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2024-25ஆம் ஆண்டில் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள். பிள்ளையின் சோற்றைப் பறித்துக்கொண்டு, ஏன் மெலிந்தாய் என்று அடிப்பவர்களிடம் தரம் பற்றிப் பாடம் கேட்க நாம் தயாராயில்லை.

தோழர்களே! இது சர்க்காரிடம் மகஜர் கொடுத்து முடிகிற வேலை மட்டுமல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குச் சட்டப்படி இடமுண்டு. நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த இடத்தில் போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சங்கக் கட்டிடத்தில் மாலை வேளையில் விளக்குப் போட்டு, படித்த வாலிபர்களை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வையுங்கள். மதிப்பெண் குறைந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறோம் என்பதையும் யோசியுங்கள். மேஸ்திரி நம்மிடம் பேசும் பாஷையில் நம் பிள்ளையிடம் நாம் பேச வேண்டாம்.

நம் பிள்ளைகள் மக்குகள் அல்லர். கரியையும் கதிரையும் நூலையும் உண்டாக்கியவர்களின் பிள்ளைகள். அவர்கள் நிமிர்ந்து நடக்கட்டும். பெயில் ஆன பள்ளிக்கூட ஏற்பாடுதான் திரும்பப் பரீட்சை எழுதட்டும்!